காலியாக விடப்படும் மூன்று ஆண்டுகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் அவர்களே, நிதித்துறைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு இத்தனை படியேறி வந்திருக்கும் ஐயா அவர்களே, முதல் வரிசையில் தம் அக்காவான நம் பேராசிரியரின் சால்வையைப் போர்த்தியபடி அமர்ந்திருக்கும் சின்னக்கா அவர்களே, வாசிப்பறையில் என்னோடு எத்தனையோ மதியங்கள் கண்ணயர்ந்த நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இருநூறு ஆண்டுக் கதையைத் திரட்டிய ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம். பேராசிரியர் இருந்திருந்தால், "முன்னுரைக்கே பத்தாதே" என்று சிரித்திருப்பார். கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியுலகுக்கு அவர் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர். எங்களுக்கு அவர் நூற்றாண்டு அக்கா. அந்தப் பெயர் எப்படி வந்தது? கேன்டீனில் தேநீர் விலை ஏறியது என்று நாங்கள் புலம்பினால், "இப்பவா ஏறுச்சு? தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி சர்க்கரைக்கு வரி போட்டாங்களே, அப்ப ஏறினது" என்பார். கேன்டீன்காரர் சளைத்தவரா? "அப்படின்னா அந்தக் காலத்துத் தேநீரே ஒண்ணு மிச்சமிருக்கு, சூடு பண்ணித் தரவா?" என்பார். அக்கா அதையும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவார்.

இன்று அவரைப் புகழ்ந்துவிட்டு மட்டும் நான் மேடையைவிட்டு இறங்க முடியாது. ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். அக்காவின் புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அதன் உயிர் ஒரு நீண்ட அட்டவணையில் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளில் நம் அரசாங்கம் போருக்கு எவ்வளவு செலவழித்தது, மக்கள் நலத்துக்கு எவ்வளவு செலவழித்தது என்று ஆண்டு தவறாமல் சொல்லும் அட்டவணை. அதில் மூன்று ஆண்டுகள் மட்டும் காலியாக இருக்கின்றன. அவற்றை நிரப்பச் சொல்லி இயக்குநர் கேட்கிறார். சின்னக்கா கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது ஆண்டுகள் பிடிவாதமாக அவற்றைக் காலியாக வைத்திருந்த அக்காவே, கடைசியாகக் கண்ணைத் திறந்தபோது என்னிடம் அதைத்தான் கேட்டார். அவருடைய கடைசி ஆசையை நிறைவேற்றுவதா? வாழ்நாளெல்லாம் அவர் கட்டிக்காத்ததைக் காப்பாற்றுவதா? சொல்கிறேன். அதற்கு முன் அவர் யார் என்று சொல்ல விடுங்கள்.

அக்கா எங்கே தொடங்கினார்? அரசாங்கம் என்றாலே படை என்றிருந்த காலத்தில் தொடங்கினார். பத்தில் எட்டுப் பங்கு படைக்கும், முந்தைய போருக்கு வாங்கிய கடனின் வட்டிக்கும் போன காலம் அது. போரிட்டவர்கள் செத்து மண்ணாகி, அவர்களுடைய பேரன்களும் அந்த வட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தில் அரண்மனை, சிறைச்சாலை, வரி வசூலிப்பவர்களின் சம்பளம். மக்கள் நலம் எங்கே? மாதக்கணக்கில் தேடினோம். ஒருநாள் 'இதர வகை' என்ற தலைப்பின் கீழே, அடியில், அம்மை குத்த ஊர் ஊராகப் போனவரின் குதிரைக்குக் கொள்ளு வாங்கிய செலவு அகப்பட்டது. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"ஆரம்பிச்சிடுச்சு" என்றார்.

"என்னக்கா ஆரம்பிச்சிடுச்சு?"

"மக்கள் நலம். ஒரு குதிரையில ஆரம்பிச்சிருக்கு பாரு."

அன்று முழுவதும் அவர் அந்தக் குதிரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அது என்ன நிறம், எந்த ஊர்ச் சாலையில் நடந்தது, அம்மை குத்துபவர் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்றெல்லாம் யோசித்தார். எனக்கும் அந்தக் குதிரை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. இப்போதும் சில மதியங்களில் தெரிகிறது. ஊசிப் பெட்டியைச் சுமந்துகொண்டு, புழுதியில், அவசரமில்லாமல் நடந்துபோகிறது.

ஒவ்வொரு போரின்போதும் வரியை உயர்த்தினார்கள். போர் முடியும் வரைக்கும் மட்டும் என்றார்கள். போர் முடிந்தது. வரி முடிந்ததா? இல்லை. இது உலகத்தில் பல அறிஞர்கள் எழுதிய விஷயம்தான். ஆனால் அக்கா சொன்ன மாதிரி நான் எங்கும் படித்ததில்லை. "போரு விருந்தாளி மாதிரி. வருவார், இருக்கறதையெல்லாம் தின்னுட்டுக் கிளம்பிடுவார். அவருக்காக வாங்கின பெரிய பானை மட்டும் அடுப்புலயே இருக்கும். அடுத்து அதுல என்ன வேகணும்னு யாரு வாசல்ல வந்து நின்னு கேக்கறாங்க? அதைத்தான் நாம தேடறோம்" என்பார். ஒரு போருக்குப் பின் காயம்பட்டவர்களும் கணவனை இழந்தவர்களும் வாசலில் வந்து நின்றார்கள். பள்ளியும் மருத்துவமனையும் வந்தன. இன்னொரு போருக்குப் பின் யாரும் வந்து நிற்கவில்லை. பானையில் மறுபடி பீரங்கியே வெந்தது.

எங்கள் வேலை முறை இங்கே பலருக்குத் தெரியும். ஒருவர் வாசிப்பார், ஒருவர் கணினியில் ஏற்றுவார். வாசிப்பது அக்கா, ஏற்றுவது நான். மதிய உணவுக்குப் பிந்தைய நேரம். மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும். சன்னல் திரை உப்பும், தாழும். அக்காவின் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. "நூறுல படை நாப்பத்தொண்ணு, வட்டி பதினெட்டு, பள்ளி ரெண்டு, மருத்துவம் ஒண்ணு." கல்லுக்கும் கொட்டாவி வரும். அந்தக் குரலில் எத்தனை போர்களைக் கடந்திருக்கிறேன், எத்தனை பஞ்சங்களைக் கடந்திருக்கிறேன்.

அந்த மூன்று ஆண்டுகள் எப்படிக் காலியாயின என்று இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய போரில் கருவூலக் கட்டடம் எரிந்தது. அந்த ஆண்டுகளின் கணக்கெல்லாம் அதோடு சாம்பலாயிற்று. யாரிடமும் நகல் இல்லை. அட்டவணையில் அங்கே வந்ததும் அக்கா நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, நான்காவது ஆண்டிலிருந்து தொடர்வார்.

ஒரு மதியம் அவர் நிறுத்தவில்லை. "அடுத்த வருஷம். படை முப்பது" என்றார். அக்கா சொன்னால் ஏற்றுவதுதான் என் வழக்கம், ஏற்றினேன். "குடிதண்ணி எட்டு. பள்ளி பதினாலு. பிரசவ விடுதி ஒன்பது." என் விரல்கள் தாமாக ஓடின. அடுத்த ஆண்டில் படை பதினைந்தாகியது. அதற்கடுத்த ஆண்டில் படைக்கு ஒன்றுமே இல்லை. கேட்கக் கேட்க எங்கோ வெயில் தணிந்து காற்று வருகிற மாதிரி இருந்தது. பக்கம் புரளும் சத்தத்தைக் காணோமே என்று நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் கண்கள் மூடியிருந்தன. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலேயே நாட்டின் வரவுசெலவை வாசித்துக்கொண்டிருந்தார்.

எழுப்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. நம் நாட்டில் பணம் அப்படிச் செலவாகி நான் கேட்டதே இல்லை.

விழித்ததும் திரையைப் பார்த்து, "இதெல்லாம் எங்கேருந்துப்பா வந்துது?" என்றார்.

"உங்க வாயிலேருந்துதான்க்கா. கூட்டிப் பாத்தேன், மூணு வருஷமும் நூறுக்குச் சரியா வருது."

"கனவுல எல்லாமே சரியாத்தான் வரும். அழிச்சிடு."

அழித்தேன். ஆனால் அதற்குள் இரண்டு படிகள் அச்சாகியிருந்தன. ஒன்றைக் கிழித்துப் போட்டோம். மற்றது நிதித்துறைக்குப் போகும் கட்டோடு சேர்ந்து போய்விட்டது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

செயலாளர் ஐயா சிரிக்கிறார். அவருக்கு அடுத்தது தெரியும். அப்போது அவர் இளம் அதிகாரி. எல்லை நகரங்களில் இரண்டு பிரசவ விடுதிகள் கட்டப் பணம் கேட்டு மேலிடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் எங்கள் அட்டவணை கிடைத்தது. போரின் நடுவிலேயே நம் அரசாங்கம் படைச் செலவைக் குறைத்து விடுதி கட்டியிருக்கிறதே! அவர் விடுவாரா? அமைச்சர்கள் அமர்ந்திருந்த குழுவில் எழுந்து அந்த மூன்று ஆண்டுகளை வாசித்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். காரியம் கைகூடிய மாதிரிதான். அதே மேசையின் ஓரத்தில், வல்லுநர் என்ற பலகைக்குப் பின்னால், அக்கா உட்கார்ந்திருந்தார்.

அக்காவுக்கு அந்த விடுதிகள் வேண்டாமா? அவரைவிட அதை விரும்பியவர் யார்? பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? எழுந்து நின்று, "மன்னிக்கணும். அந்த மூணு வருஷத்துக்குக் கணக்கே கிடையாது. அது நான் தூங்கும்போது கண்ட கனவு" என்றார். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கோரிக்கையைத் தள்ளி வைத்தார்கள். அக்காவை அதன் பிறகு எந்தக் குழுவுக்கும் அழைக்கவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் நம் ஐயா கொதித்துப்போய் நின்றார். "உங்களுக்கு அந்த விடுதிங்க வேணாமா மேடம்?"

"வேணும். கனவைக் காட்டி வாங்கினா, முழிச்சிருக்கிற எவனாவது வந்து பிடுங்கிட்டுப் போயிடுவான். உண்மையான வருஷத்தைக் காட்டிக் கேப்போம், வாங்க."

அடுத்த ஆண்டு, அக்கா எடுத்துக்கொடுத்த உண்மையான ஆண்டுகளைக் காட்டி, ஐயாவும் அவர் துறையினரும் கேட்டார்கள். போர் முடிந்த பின்னும் இறங்காமல் நின்ற வரியைக் காட்டினார்கள். அந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கேட்டது இரண்டு விடுதி, கிடைத்தது ஒன்று. அந்த ஒன்றில் பிறந்தவர்கள் இப்போது வளர்ந்திருப்பார்கள். பின்வரிசை முகங்களைப் பார்க்கும்போது, ஒருவராவது இங்கே இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. எனக்கு எதுவும் எளிதில் அப்படித் தோன்றிவிடும். அக்காவோடு பழகியதால் வந்த நோய் அது.

எங்கள் மாடி நடைக்கூடத்தில் அக்கா ஒட்டிய நீண்ட வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கோடு படை, நீலக் கோடு நலம். இந்த முனையில் நீலம் தரையோடு தரையாகக் கிடக்கும். நடந்துகொண்டே போனால் மெல்ல எழும், விழும், மறுபடி எழும். காலியான மூன்று ஆண்டுகள் சரியாகச் சன்னல் இருக்கும் இடத்தில் வரும்படி அளந்து ஒட்டினார். அங்கே கோடு இருக்காது. ஒரு மரமும் கொஞ்சம் வானமும் இருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அங்கே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார்கள்.

வேறொருவர் என்றால் அந்த இடைவெளியை எப்போதோ அடைத்திருப்பார். முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி, நடுவே நேராக ஒரு கோடு. எங்கள் துறையில் அது வழக்கமான முறைதான். இயக்குநர் கேட்பதும் அதைத்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அக்கா மட்டும் ஏன் மறுத்தார்?

சின்னக்காவின் கணவர் தச்சர். நாற்காலி செய்தால் ஆடாது, கதவு செய்தால் மழைக்காலத்திலும் இறுகாது என்பார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் முதல் ஆண்டில் அவரைப் படைக்கு அழைத்துப் போனார்கள். திரும்பவில்லை. எந்த ஆண்டில் இறந்தார், எந்த இடத்தில் இறந்தார் என்று சொல்ல ஒரு தாளும் கிடையாது. எல்லாம் எரிந்த கட்டடத்தில் இருந்தது. கூடப் போன ஒருவர் வந்து வாசலில் நின்று சொன்னதோடு சரி. அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஒருமுறை செயலாளர் ஐயாவுக்கும் அக்காவுக்கும் பெரிய வாக்குவாதம். கணவனைப் போரில் இழந்த பெண்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையை நலக் கணக்கில் சேர்ப்பதா, போர்க் கணக்கில் சேர்ப்பதா? உலகத்தில் பலரும் நலத்தில்தான் சேர்க்கிறார்கள் என்று ஐயா நூல் நூலாகக் காட்டினார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "என் தங்கச்சி நல்லா இருக்கணும்னா அந்தப் பணம் வருது? அவ வீட்டுக்காரரைக் கொண்டுபோனாங்க, அதனால வருது. போர்லயே எழுதுங்க" என்றார். எங்கள் அட்டவணையில் அது இன்றும் சிவப்பில் இருக்கிறது.

இனி மருத்துவமனை. அங்கேயும் ஒரு மதியம்தான். திரை உப்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. மருந்து மயக்கத்தில் அக்கா கரைக்கு வருவதும் உள்ளே போவதுமாக இருந்தார். நான் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். திடீரென்று அந்தப் பழைய குரல் கேட்டது, ஏற்ற இறக்கமில்லாமல். "அடுத்த வருஷம். படை முப்பது. குடிதண்ணி எட்டு." அதே மூன்று ஆண்டுகள். ஓர் எண்ணும் மாறவில்லை. முழுதும் வாசித்து முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"அதைப் போட்டுடு" என்றார்.

"எதைக்கா?"

"அந்த மூணு வருஷத்தைத்தான். காலியா விட்டு விட்டு அலுத்துப்போச்சு எனக்கு. ஒரு தடவையாவது அப்படி நடந்திருக்கட்டுமே."

மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்த சின்னக்கா அந்தக் கடைசிப் பேச்சின்போது வாசலுக்கு வந்துவிட்டார். கேட்டுக்கொண்டு நின்றார். அக்கா மறுபடி தூங்கினார். அதற்குப் பிறகு விழிக்கவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் சின்னக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாழ்நாள்ல எதையும் கேக்காதவ தம்பி அவ. ஒண்ணே ஒண்ணு கேட்டா. போட்டுடுங்க. பொய்யின்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். நான் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். நாட்கணக்காகத் தூக்கமில்லை. அக்காவுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்றா எனக்கு ஆசை? அவர் கேட்டால் அந்த வரைபடம் முழுவதையும் நீலமாகப் பூசிவிட எனக்குக் கை துடிக்கிறது. இந்த அரங்கில் அவரை நேசிக்காதவர் யார்?

சின்னக்கா அவர்களே, உங்களைப் பார்த்தே சொல்கிறேன். போட மாட்டேன்.

அந்தக் கனவில் படைச் செலவு கரைந்துகொண்டே போகிறது, போர் இல்லை. போர் இல்லையென்றால் தச்சரை யாரும் அழைத்துப் போகவில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் அவர் பட்டறையில் கதவு இழைத்துக்கொண்டிருந்தார் என்று நாங்கள் அச்சிட்ட மாதிரி ஆகும். அப்படியானால் நாற்பது ஆண்டுகள் நீங்கள் அவர் இல்லாமல் இருந்தது எதற்கு? அவர் போனதற்கு இந்த நாட்டின் கணக்கில் எஞ்சியிருக்கும் ஒரே அடையாளம் அந்த மூன்று வெற்று வரிசைகள்தான். அதன் மேல் இயக்குநரின் நேர்க்கோட்டையும் போட விட மாட்டேன். அக்காவின் கனவையும் போட மாட்டேன். அக்கா அன்று களைத்திருந்தார். களைத்தவர் கேட்டதற்காக, களைக்காமல் முப்பது ஆண்டுகள் அவர் காத்ததை நான் கொடுத்துவிட முடியாது. நீங்கள் என்னைத் திட்டலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

சின்னக்கா ஏதோ சொல்கிறார். ஒலிபெருக்கி வேண்டாம், எனக்குக் கேட்கிறது.

"அப்ப காலியாவே இருக்கட்டும் தம்பி" என்கிறார். "நான் வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி அவ என்ன வாசிச்சான்னு மட்டும் சொல்லுங்க" என்கிறார்.

சொல்கிறேன். எண்களை முன்பே சொல்லிவிட்டேன். ஆனால் மருத்துவமனையில் அக்கா ஒரு தலைப்பைக் கூடுதலாக வாசித்தார். வாசிப்பறையில் அதை வாசித்ததில்லை. மூன்றாவது ஆண்டின் கடைசியில், "போரில் கணவனை இழந்தோர் உதவித்தொகை" என்றார். எண்ணைச் சொல்வார் என்று காத்திருந்தேன். எண் சொல்லவில்லை. "குறிப்பு: இந்த வருஷம் புதுசா யாரும் சேரலை" என்றார்.

நண்பர்களே, எங்கள் இருநூறு ஆண்டு அட்டவணையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அந்தத் தொகை தொடங்கிய நாளிலிருந்து, அப்படி ஒரு குறிப்பு எழுதத் தகுந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. படை அணிவகுத்த ஆண்டிலும் இல்லை, அமைதி என்று அறிவித்த ஆண்டிலும் இல்லை. எங்கோ ஓர் எல்லையில், எங்கோ ஒரு முகாமில், யாராவது ஒரு பெண் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடக்காததை நடந்ததாக எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அட்டவணை முடிந்துவிடவில்லை, கீழே இடம் இருக்கிறது. பேராசிரியர் அவர்களின் பெயரால் இந்த அவையில் உறுதி சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கணக்கு வந்ததும் கீழே ஒரு வரிசை சேர்ப்பேன். படையையும் பள்ளியையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன். எனக்குப் பின் இந்த வாசிப்பறையில் உட்காருபவரும் எழுதுவார். யாரும் புதிதாகச் சேராத ஓர் ஆண்டு உண்மையிலேயே வரும்வரை வாசலில் போய் நின்று கேட்போம். அது வரும் நாளில், அக்கா சொன்ன அதே சொற்களில், அந்தக் குறிப்பை விழித்த கண்களோடு எழுதுவோம்.